பசறைக்குப் போன தம்பிக்கு

என் கூடப்பிறந்த செல்வமே, தம்பி மாரிமுத்து,

உனக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் நான் வாசித்துக் காட்டினால்தான் கேட்பாய். இந்தக் கடிதத்தையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் எல்லோரும் கூடியிருக்கும்போது நானே வாசிக்கப் போகிறேன். உனக்குக் கேட்குமோ கேட்காதோ, இந்தத் தோட்டத்து ஜனங்கள் கேட்கட்டும். எட்டு வருஷமாக நான் அவர்களுக்குச் சொல்லி வந்த கதை வேறு.

முதலில் இங்கத்திய சேதி சொல்லிவிடுகிறேன். ரயில் இப்போது பண்டாரவளையோடு நிற்பதில்லை. தெமோதரை மலையைச் சுற்றிக்கொண்டு பதுளை வரைக்கும் வந்துவிட்டது. நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த உன் மகள் அஞ்சலை, அம்மா செல்லம்மாவோடு மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். நடை உன் நடைதான்.

நம் தோட்டத்துப் பெரியதுரை ஜெர்மன்காரன் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. தேயிலை ஸ்டோர் வாசலில் அவருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உன் பெயர் அதில் இல்லை. கேட்டதற்கு, மூட்டை சுமந்தவர்கள் பட்டாளத்தில் சேர்த்தியில்லை என்றார் புதுத்துரை. அவரோடு அரைமணி நேரம் வாதாடினேன். திரும்பி வரும் வழியில்தான் யோசித்தேன். அந்தக் கல்லில் உன் பெயரை வெட்ட நீ சம்மதிப்பாயா?

நீ சண்டை வேண்டாம் என்றவன். பெரியதுரைக்குத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போனவன்தான் நீ. ஒருநாள் அவர் சுட்ட மரைமானின் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே குட்டி இருந்ததாம். துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டு, "இனிமே இதுக்கு நான் கை குடுக்க மாட்டேனுங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தாய். மறுநாளே உன்னைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்கு விரட்டினார்கள். குளிரில் கையெல்லாம் வெடித்தது. ஒரு வார்த்தை நொந்துகொள்ளவில்லை.

சண்டைச் சேதி வந்த பிறகு நமக்குள் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமா?

"ராசாவுக்குச் சண்டைன்னா நமக்கும் சண்டைதான்டா" என்றேன்.

"அப்ப நமக்குப் பசிச்சா ராசாவுக்கும் பசிக்குமாண்ணே?"

"வாய் நீளுது ஒனக்கு. வீட்டுக்குள்ள திருடன் வந்தா சும்மா இருப்பியா?"

"வந்தா அடிப்பேன். அவன் வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்? அவ்வளவு ரோசம் இருந்தா நீங்க போங்களேன்."

எனக்கு வயதாகிவிட்டது என்றேன். நாற்பத்திரண்டு வயது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குள் தைத்தது. ஊரார் பிள்ளைகளைச் சண்டைக்குப் போ என்று சொல்கிற கங்காணி தன் தம்பியை மட்டும் ஒளித்து வைத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை நியாயம் என்று அன்றைக்கு நினைத்தேன். பாதி நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தக் காலை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறோம். பனியில் எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பஸ்ரா போறதுக்கு நாலு ஆள் வேணும். சாமான் தூக்கணும். எவன் வர்றான்?"

உங்கள் எல்லோர் காதிலும் பசறை என்று விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? பதுளைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பசறைதானே நமக்குத் தெரிந்த ஊர். சாமான் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு நாள் கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டாம். கல்யாணம் ஆகாத பையன்கள் மூன்று பேர் முன்னால் வந்தார்கள். சடையன் அதில் ஒருவன். நாலாவதாக நீ வந்தாய். "பசறைச் சந்தையில செல்லம்மாவுக்கு வளையல் வாங்கலாம்" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்கு மட்டும் தெரியும், மாரிமுத்து. பள்ளிக்கூடம் போகாதவன், பதுளையில் முஸ்லிம் நானாவின் கடையில் கொத்தமல்லி மடித்துக் கொடுக்கிற காகிதத்தில் எழுத்துப் படித்தவன் நான். அதற்கு முந்தின வாரம்தான் அப்படி ஒரு காகிதத்தில் பஸ்ரா என்று பார்த்துவிட்டு நானாவிடம் கேட்டேன். "அது அரபு நாட்டுப் பக்கம், கங்காணியார். கப்பல்ல போகணும். அங்கதான் இப்ப பெரிய சண்டை" என்றார். அத்தனையும் தெரிந்துகொண்டு, நீ முன்னால் வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆபீசில் இங்கிலீஷ் காகிதத்தில் நீ கைநாட்டு வைக்கும்போது உன் பெருவிரலில் மை தடவியவனும் நான்தான்.

பேசாமல் இருந்தது ஒரு குற்றம். அடுத்தது அதைவிடப் பெரியது. உங்கள் நால்வரோடு நானும் ஏறி வந்த வண்டி ரோட்டு முச்சந்திக்கு வந்ததும் கீழே பதுளைப் பக்கம் திரும்பாமல் மேலே பண்டாரவளைப் பக்கம் திரும்பியது. "அண்ணே, பசறைக்குக் கீழதான போகணும்?" என்று கேட்டாய். "ஸ்டேஷன்ல சாமான் ஏத்திக்கிட்டுத்தான் போகணும்" என்றேன். அதுவரை நீயாக ஏமாந்தாய். அந்த முச்சந்தியில் நான் ஏமாற்றினேன்.

ஸ்டேஷனில் ஆளுக்கொரு கோட்டும் பூட்ஸும் கொடுத்தார்கள். கொழும்பில் கப்பல் காத்திருக்கிறது என்று ஒருவன் சொன்னான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"ஏண்ணே, பசறைக்குக் கப்பல்லயா போறது?"

பையன்கள் மூவரும் புதுப் பூட்ஸைப் பார்த்த மயக்கத்தில் சிரித்தார்கள். நீ மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "நான் கைநாட்டு வச்சது பசறைக்கு. வேற ஊருக்கு வேற ஆளப் பாருங்க" என்றாய். எழுந்திருக்காவிட்டால் பதுளைச் சிறைதான் என்றார்கள். "செறைன்னா நடந்தே போயிருவேன்" என்றாய். அப்போது உன் காதருகே குனிந்து, "என் மானத்த வாங்காதடா" என்று சொன்னது யார்? நான்தானே.

எழுந்தாய். "உங்க வார்த்தைக்காகப் போறேன். அங்க போயி குண்டுப் பொட்டியத் தொட மாட்டேன். செல்லம்மாகிட்ட வெள்ளிக்கிழமை வந்துருவேன்னு சொல்லிட்டு வந்தேன். அவகிட்ட நடந்ததச் சொல்லிருங்க." அவ்வளவுதான் நீ கேட்டது. சரி என்றேன்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உன் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அவரு எங்க, மச்சான்?" என்றாள். "அவனே ஆசைப்பட்டுப் பட்டாளத்துக்குப் போயிட்டாம்மா. சொன்னா நீ அழுவேன்னு பசறைன்னு சொல்லியிருப்பான்" என்றேன். அவள் அழவில்லை. நீ காய்ச்சலில் இறந்த சேதி வந்தபோதும் அழவில்லை. "பொய் சொல்லிட்டுப் போன மனுசனுக்கு நான் எதுக்கு அழணும்?" என்றாள். ஒரு வருஷம்கூட அவள் உனக்குப் படையல் போடவில்லை. அஞ்சலை அடம்பிடித்தால், "அப்பன மாதிரி ஏமாத்துக்காரி" என்று ஏசுவாள். அதை எட்டு வருஷம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு அதே லயத்து வரிசையில், பக்கத்துக் காம்பரா அறையில் சோறு தின்றேன்.

போன மாதம் சடையன் வந்தான். சண்டை முடிந்து முசிறிப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறான். அவன் சொல்லித்தான் தெரியும். குண்டுப் பெட்டியைத் தூக்கச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றாயாமே. மூன்று நாள் வெயிலில் நிறுத்தினார்களாம். கடைசியில் அலுத்துப்போய்த் தண்ணீர் சுமக்க விட்டார்களாம். அடிபட்டுக் கிடந்த எதிராளிக்கும் நீ தண்ணீர் ஊற்றினாயாம். அப்புறம் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அந்தப் புள்ள செல்லம்மா இன்னும் அவர ஏசிக்கிட்டிருக்கு கங்காணி. நான் சொல்றது மொறையில்ல. நீங்க சொல்லிருங்க."

சொன்னேன், தம்பி. பெரட்டு, மை, முச்சந்தி, ஸ்டேஷன் எல்லாம் சொன்னேன். செல்லம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப அவரு பொய் சொல்லல."

"இல்லம்மா."

"எட்டு வருசமா செத்த மனுசன வைஞ்சிருக்கேன் மச்சான். அந்த ஏச்செல்லாம் நான் இப்ப எங்க கொண்டு போயிக் கொட்டுறது?"

என்னிடம் கொட்டு என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அப்போதுதான் அவள் உனக்காக அழுதாள். மாவுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாட்டுக்காகச் சண்டை போடுவது கடமை என்று நான் இன்றும் சொல்வேன். நீ எதிரில் வந்து நின்றாலும் அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கடமை என்றால் அதன் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். மாட்டேன் என்று நீ சொல்லிவிடுவாய் என்பது தெரிந்துதானே வாயை மூடினேன்? நீ மாட்டேன் என்று சொல்ல இருந்த இடத்தை நான் திருடினேன். அதற்கு எந்த ராஜாவும் எனக்கு உத்தரவு கொடுக்கவில்லை.

செல்லம்மா இப்போது தினமும் மலைக்குப் போகிற வழியில் என் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏசுகிறாள். உன்னை ஏசிய அதே வார்த்தைகள். லயத்து ஜனங்கள் வெளியே வந்து பார்க்கிறார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டவன் அல்ல நான் என்பது உனக்குத் தெரியும். துரைக்கே பதில் சொன்னவன். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன்: அவள் ஏசி முடிக்கிற வரைக்கும், அதற்கு எத்தனை வருஷம் ஆனாலும், அந்த வாசலில் நின்றுதான் கேட்பேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

உன் பெருவிரலில் மை தடவிய அண்ணன்,
ராமசாமி