துடக்குக்குள் விழுந்த திகதி

என்ர அன்பு அக்கா,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது. ஸ்காபரோவில் பனி இன்னும் கொட்டுகிறது. உங்கள் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறாள். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று. வெட்கத்தில் இவ்வளவு நாளும் இழுத்தடித்துவிட்டேன்.

நான் வேலை செய்கிற கிளினிக்குக்கு அந்தக் கொம்பியூட்டர் வந்த நாள் நினைவிருக்கிறதா? பிரசவத்தில் காயப்பட்ட தாய்மாரில் ஒருத்தியையும் தவறவிடக் கூடாதென்று வாங்கினார்கள். யாருக்கு எவ்வளவு கிழிந்தது, எப்போது திரும்ப வரவேண்டும், எல்லாம் திரையில் நிற்கும். நான் உங்களிடம் வந்து பெருமையடித்தேன்.

அதில் உங்கள் பெயரும் ஏறியது. பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமைக்கு, இருபத்தோராம் நாளுக்கு, திகதி விழுந்தது. ரெலிபோனில் சிரித்தீர்கள்.

"பிள்ளைப்பெத்த துடக்கு முப்பத்தொரு நாள் கழியேல்லை, அதுக்குள்ளை நான் வீட்டைவிட்டு எங்கை வாறது? கிளினிக்கிலை நீ சொல்லிவிடன்."

நான் சொன்னேனா? இரண்டு முறை வராதவர்களின் கோவையை, அந்த பைலை, கொம்பியூட்டர் தானாகவே மூடிவிடும். உங்களுடையதும் மூடியது. முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்தபின் உங்களைக் கூப்பிட அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் மூத்த தாதி என்னிடம் கேட்டார், உங்கள் தமிழ்ப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று. பதில் நாக்கு நுனியில் நின்றது. துடக்கை, இந்தப் பிள்ளைப்பேற்றுத் தீட்டை, இவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது, எங்களைக் காட்டுச் சனம் என்று நினைக்கமாட்டார்களா? தெரியாது என்றேன். நல்ல இங்கிலிஷில் சொன்னேன், அக்கா.

பிறகு நீங்கள் கலியாணவீடுகளுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கதிரையில் இருக்கமாட்டீர்கள், சுவரோடு நிற்பீர்கள். கனடா வந்து அக்காவுக்கு எடுப்பும் பெருமையும் கூடிப்போச்சு என்று முதலில் பகிடி விட்டவள் நான்தான். கடைசியில், நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் வாய் திறந்தீர்கள்.

"வெளிக்குப் போறதை அடக்கேலாமல் கிடக்கடி, பிள்ளை பிறந்த நாளிலையிருந்து. உன்னட்டைச் சொல்ல வெக்கமா இருந்தது."

என்னிடம்! இதைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற என்னிடம்.

போன மாதம் அதே தாதி அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். முகமெல்லாம் சுட்டது, ஆனாலும் துடக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியென்றால் உங்கள் ஆட்களுக்கு முப்பத்தைந்தாம் நாள் போடுவோம், அதற்கு முன் நாங்களே வீட்டுக்குப் போவோம் என்று சொல்லி கொம்பியூட்டரில் அங்கேயே மாற்றினார். வராதவர்களின் கோவையை மூடாமல், அவர்களுக்கு ரெலிபோன் எடுக்கும்படி திரை எனக்குக் காட்டவும் வைத்தார். என் தேத்தண்ணி ஆறவில்லை, வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்காகவா நீங்கள் அத்தனை வருசம் சுவரோடு நின்றீர்கள்?

இன்று பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை கைக்குழந்தையோடு வந்தாள். கதிரை இருக்கச் சுவரோடு நின்றாள். எனக்கு விளங்கிவிட்டது. வெளிக்குப் போவதை அடக்க முடிகிறதா என்று நேராகவே கேட்டேன். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"உது எனக்கு மட்டும்தானோ அக்கா?"

"இல்லை," என்றேன். "என்ர அக்காவுக்கும் இருந்தது."

உங்களைக் கேளாமல் சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள். அவள் அழுதாள். பிறகு கதிரையில் மெல்ல இருந்தாள்.

இனி ஒருத்தியின் கோவையும் அவளுடைய குரலைக் கேட்காமல் மூட விடமாட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் கேட்பேன், அக்கா.

பிந்தி வாய்திறந்த,
உங்கள் தங்கச்சி