இறந்தவர் பேரில் பதினேழு ஆட்டம்

பாசமுள்ள அப்பாவுக்கு,

மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.20. நீங்கள் இறந்து ஐந்து மாதம். இன்று விடிந்ததிலிருந்து உங்கள் பேரில் பதினேழு ஆட்டம் ஆடியாகிவிட்டது.

ஆடுகிறவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அந்த ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி அவர் கணக்குக்கு எல்லை வைத்ததும், உங்கள் அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்துவிட்டீர்கள். "தேயிலை மலையில காய்ச்சல்ல கெடக்குறவ பேருக்கு பக்கத்து நிரைக்காரி கொழுந்து போடறதில்லயா? அது மாதிரிதான்டா" என்றீர்கள்.

முகச் சரிபார்ப்புக்குப் போனைப் பிடித்தவன் நான். கணினி நெட்வொர்க் படித்த நான். "கண்ண சிமிட்டுங்கப்பா" என்று சிரித்தேன். ஒரு தடவை சிமிட்டினீர்கள். கம்பெனிக் கணினியில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறீர்கள்.

கணக்கை மூடச் சொல்லி போன வாரம் எழுதினேன். உரியவரே வந்து முகம் காட்ட வேண்டுமாம். கல்லறையிலிருந்து எழுப்பவா?

மாமாவிடம் சண்டை போட்டேன். "மச்சான் செத்தும் ராசிக்காரருடா மருமகனே! நேத்து பணம் வந்துச்சே!" என்கிறார். ரப்பர் பால் வெட்டப் போகாமல் ஒன்பது நாளாகிறது. அதைச் சொல்ல மாட்டார்.

அரசு அனுமதி கொடுத்து, அட்டை பார்த்து, ஆளுக்கு ஓர் எல்லை வைத்தால் ஆபத்து குறையும் என்கிறார்கள். தடை போட்டால் சூதாட்டம் வெளிநாட்டிலிருந்து வரும், அதுவும் தெரியும். ஆனால் அந்த எல்லை ஆளுக்கா, அட்டைக்கா? நம் தோட்டத்து லய வீடுகளில் இரவல் கொடுக்க எத்தனை அட்டை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? தோற்கிறவனால் வரும் வரியை வாங்குகிறவர், அவன் தோற்பதை எதற்கு நிறுத்தப் போகிறார்?

இதற்குள் அம்மா முகம் கழுவி, தலைவாரி, வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "அவரு பேர மூடிட்டா எம் ஐசி அட்டைய குடுக்கறேன். தம்பி மொகத்த பாக்க முடியலடா. வா, போன புடி."

இனி நான் செய்யப்போவது:

1. அம்மாவுக்குப் போன் பிடிக்க மாட்டேன். அழுதாலும்.

2. திங்கட்கிழமை தெரணியகலை டவுனுக்கு பஸ் ஏறி, உங்கள் மரணச் சான்றிதழைக் கம்பெனிக்கும் அனுமதி கொடுக்கிறவர்களுக்கும் பதிவுத் தபாலில் போடுவேன். பதில் வரும்வரை வாராவாரம்.

3. மாமாவைக் காலையில் நானே ரப்பர் மலைக்குக் கூட்டிப்போவேன். திட்டட்டும்.

4. உங்களை இன்னொரு தடவை சாக வைப்பேன், அப்பா. இந்தத் தடவை முழுசா. மன்னிச்சிருங்க.

கண்ணைச் சிமிட்டச் சொன்ன
உங்கள் மூத்த மகன்