ஆறிவிட்டதாகச் சொல்லப்படும் சாம்பல்

கடப்பாக்கம்
தை 12

அன்புள்ள கிஷோருக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். இத்தாலியில் நீயும் மருமகள் பவானியும் பேத்தி சஹானாக்குட்டியும் சுகம் என்று போனில் சொன்னாய். வேறு சாட்சி இல்லாததால் நம்பிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா என்கிறாய், பள்ளிக்கூட நாளிலிருந்து நீ சரிம்மா என்று சொன்ன எதையும் செய்ததில்லை. அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார், முழுவதும் படி.

நம் சாப்பாட்டுக் கடையில் கேஸ் அடுப்பை விட்டுவிட்டு மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் போடும் அடுப்பு வைத்தது உனக்குத் தெரியும், உன் வீட்டில் குளிருக்கு எரிவதும் அதே பெல்லட்தான். சாம்பல் கோதுமை மாவு மாதிரி நைசாக வருகிறது, அள்ளினால் பாதி குழம்பில் விழுகிறது. அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வரும் நாட்களில் நான் அவரைக் கடையில் தனியாக விடுவதில்லை, அன்று மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். நீ விட்டுப்போன வாக்குவம் கிளீனரை எடுத்து, முதல் நாள் ராத்திரி அணைத்த அடுப்பைக் காலையில் உறிஞ்சியிருக்கிறார். மேலே கை வைத்துப் பார்த்தாராம், சில்லென்று இருந்ததாம்.

நம்மூரில் சாம்பலை யாரும் கொட்டுவதில்லை. மீன் வெட்டும் பெண்கள் வாங்கிப்போவார்கள், சாம்பல் தொட்டுக்கொள்ளாமல் விலாங்கு மீனை யார் கையாலும் பிடிக்க முடியாது. அன்றும் மீன்காரி வேண்டா வந்து, கிளீனரிலிருந்து அப்பா கொட்டியதை ஓலைக்கூடையில் பழைய துணி விரித்து வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். மீன் ஏலம் போடும் இடம் வருவதற்குள் கூடை புகைந்திருக்கிறது. அரை மணியில் திரும்பி வந்துவிட்டாள். நானும் அப்போதுதான் கல்யாணத்திலிருந்து வந்து இறங்கினேன். முந்தானையில் உள்ளங்கை அகலம் கருகியிருந்தது. “இன்னா அண்ணாத்த, சாம்பலு கேட்டா கொள்ளியக் குட்த்துகினு கீற? ஆட்டோவுல அத்தினி பேரும் என்னியப் பாத்து பீடி புடிக்கிறியான்னு கேக்குறாங்கோ” என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அப்பா, ஆறிப்போச்சுன்னு நினைத்தேன் என்றார். “நீ நெனச்சா நெருப்புக்குத் தெரியுமா?” என்றாள். கிளீனரை மறுபடி திறந்து பார்த்தால் உள்ளே துணிப் பையில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஓட்டை, ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது. மேலே சாம்பல் மூடியிருந்தால் அடியில் கங்கு ஒரு நாள், இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்குமாம், இயந்திரம் காற்றை இழுத்து அதை ஊதியும் விடுகிறது. துருத்தி செய்யும் வேலையை அப்பா கரண்டில் செய்திருக்கிறார்.

அதற்கப்புறம் சாம்பலுக்கென்றே உள்ள கிளீனர் வாங்கலாம் என்று செங்கல்பட்டிலிருந்து வெங்கடேசன் என்ற விற்பனைக்காரரை வரவழைத்தோம். சாம்பல் விழும் பீப்பாய் எதில் செய்தது, குழாய் எதில் செய்தது, ஃபில்டர் இந்த நைசுச் சாம்பலை நிறுத்துமா என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் “நல்ல கம்பெனிம்மா” என்றார். நான் கம்பெனியில் சாம்பல் கொட்டப் போவதில்லையே என்று கொண்டை ஊசியால் பீப்பாயைச் சுரண்டினேன். வெள்ளிப் பூச்சு உரிந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. “அது ஸ்டீல் லுக்கும்மா” என்றார். மரியாதைக்காரர், சுரண்டியதற்கு எதுவும் கேட்காமல் போய்விட்டார். இப்போது அடுப்பை இரண்டாக்கிவிட்டோம், ஒன்று எரியும்போது மற்றது நாலு நாள் ஆறும், இரும்புக் கரண்டியால் மூடிபோட்ட இரும்பு வாளிக்கு அள்ளுகிறோம்.

இனி உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு கிளீனர் நின்றது. நான் கேட்டதும் போனை ஜன்னல் பக்கம் திருப்பி மலையைக் காட்டினாய். மலை அழகுதான், நான் மலையைக் கேட்கவில்லை. நேற்றே அணைத்த அடுப்பு, ஆறிவிட்டது என்றாய். சனிக்கிழமை ராத்திரி நீ அனுப்பிய படத்தில் சஹானா ஸ்வெட்டர் இல்லாமல் விளையாடுகிறாள், பின்னால் அடுப்புக் கண்ணாடி நெருப்பில் மஞ்சளாக இருக்கிறது, அதற்குள் எப்படி ஆறும்? வெறும் தூசி கிளீனரால் சாம்பலை இழுத்து, அந்தக் கிளீனரை மாடிப்படிக்குக் கீழே குழந்தையின் கம்பளிக் கோட்டுகளோடு வைக்கிறாய் என்று பவானி பேச்சுவாக்கில் சொன்னாள். உங்கள் வீட்டின் தரை மரம், படி மரம், குழந்தை தூங்கும் அறை அந்தப் படிக்கு நேர் மேலே. நான் அங்கே வந்ததில்லை, ஆனால் இதைத் தவிர வேறெதையும் இந்த வாரம் நினைக்கவில்லை.

வாங்குவதானால் பீப்பாயும் குழாயும் இரும்பாக இருப்பதைச் சுரண்டிப் பார்த்து வாங்கு. வாங்கினாலும் நாலு நாள் ஆறிய சாம்பலைத்தான் இழுக்க வேண்டும். உறிஞ்சியதை வீட்டுக்குள் வைக்காதே. பவானி போனில் இருமிக்கொண்டே பேசினாள், சளிக்கு மிளகு ரசம் வை, இருமல் சாம்பல் தூசியால்கூட இருக்கலாம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், கடலம்மா காப்பாற்றட்டும். சிவப்பு கிளீனரை இப்போதே வெளியே கல்படியில் வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. படத்தை பவானி எடுக்கட்டும், கிளீனருக்குப் பக்கத்தில் நீயும் நிற்க வேண்டும், உன் கையில் போனில் மணி தெரிய வேண்டும். அது வரும்வரை நான் தூங்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
வச்சலா நீலமேகம்