சரளாவின் வாத்தும் என் வாத்தும்

கூப்பிட்டால் அடுக்களையிலிருந்து "தோ வரேன் மாமா" என்று குரல் கொடுக்கும் என் தங்கமான மருமகள் சரளாவுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுச் செல்வி எழுதுகிறாள். நேற்று உன் பாப்பாவுக்கு ஆறு வயது முடிந்தது. நீ கண்ணை மூடிய பிறகு வந்த இரண்டாவது பிறந்தநாள்.

போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அம்மா கேக்குல வாத்து போடும்ல தாத்தா, அது எப்பிடி இருக்கும்?"

பாப்பா மறந்துவிட்டாள், சரளா. உன் போன் பூட்டையும் யாராலும் திறக்க முடியவில்லை. படமெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. வெண்ணெய் ஒரு பங்கு என்றால் பொடித்த சர்க்கரை இரண்டு பங்கு. மஞ்சள் கலர் மூன்று சொட்டு. கிரீம் பையை நீ ஒரு அழுத்து அழுத்தினால் உடம்பு உருண்டையாக உட்காரும். லேசாக இழுத்தால் வால். மேலே சின்ன உருண்டையாகத் தலை. தறியை விட்டுவிட்டு வந்து நிற்பேன். "இன்னா மாமா, பாத்துகினே நிக்கிறீங்க? நீங்க புடவையில போடுற அன்னத்தைக் கட்டிக்கத்தான் முடியும். என்னுதைத் துன்னலாம்" என்பாய்.

நேற்று கேக்கில் நானே மூன்று வாத்து போட்டேன். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பட்டில் அன்னத்தைக் காலிலிருந்து ஒவ்வொரு இழையாக ஏற்றிப் பழகிய கை, கேக்கிலும் கோடு கோடாக அடுக்கிவிட்டது. தலைக்கு வருவதற்குள் வெயிலில் கால் இளகி வழிந்தது. மூன்று வாத்தும் சப்பை.

"கடையில வாங்கினு வந்திருப்பேனே நைனா, இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றான் உன் புருஷன்.

பாப்பா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மா இப்பிடித்தான் போடுமா தாத்தா?"

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

சாயங்காலம் நோட்டில் கோடு கோடாக ஒரு வாத்து வரைந்து, "அம்மா வாத்து" என்று சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவளிடம் உன்னுடையதாக மிச்சமிருந்த இடத்தில் என் கோணலை வைத்துவிட்டேனே, அதை எப்படி எடுப்பது?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொல்லிவிடுகிறேன், அது தாத்தா போட்டது, அம்மா போட்டது வேறு என்று. அப்படியானால் அம்மாவுடையது எப்படி என்று திரும்பக் கேட்பாள். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லுவேன். இது உனக்குச் செய்யும் சத்தியம்.

இப்படிக்கு,
பாப்பாவிடம் பொய் சொன்ன உன் மாமனார்