வியாழக்கிழமைகளில் உறுமிய வண்டி

மார்ச் 4, செவ்வாய்

நன்கு ஆராய்ந்து, எதிர்க்கட்சியின் (மனைவி) கருத்தையும் கேட்டறிந்து, வண்டியின் உறையை நீக்குவது என்று இன்று காலை 9.40க்கு முடிவெடுத்தேன். ஒன்பதே முக்கால் முதல் உறை நீக்கப்பட்ட நிலையில் உள்ளது.

பின்னணி: இரண்டரை வருடத்துக்கு முன் எங்கள் வாசல் தூண் திடீரென்று முன்னேறி வந்து வண்டியின் இடது விளக்கை உடைத்தது. பிறப்புச் சான்றிதழின்படி என் மகனாகிய மேற்படி நபர், விருந்தாளிகள் எதிரிலேயே, "கண்ணு தெரியலன்னா வண்டிய எடுக்காதீங்கப்பா" என்றார். "இனி என் வண்டியையும் தொடாதே, என் வாசலையும் மிதிக்காதே" என்றேன். வாக்கியம் கச்சிதமாக விழுந்தது. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் அல்லவா. மேற்படி நபர் வீட்டை விட்டுப் போனார். நான் வண்டிக்கு உறை போட்டேன். என் கண்ணில் புரை இருந்தது என்று பிறகு தெரிந்தது. அது வேறு விஷயம்.

போன மாதம் இரண்டு கண்ணுக்கும் அறுவை முடிந்தது. ஓட்டலாம் என்கிறார் மருத்துவர்.

இருக்கையில் உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு எட்டவில்லை. வயதானால் மனிதன் குறுகுவான் என்று படித்திருக்கிறேன்; இவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. இருக்கையை முன்னால் இழுத்துச் சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

மனைவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பேட்டரி செத்துப்போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு பேட்டரிக்காக ஒருவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 5, புதன்

மெக்கானிக் நாளைதான் வருவாராம். நாளை வியாழன், நூலகத்தில் எங்கள் வாசகர் வட்டம் (நான்கு பேர், இருவர் தூங்குவார்கள்). நீங்கள் போய் வாருங்கள், மெக்கானிக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவி நான்கு முறை சொன்னாள். பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவள். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். கதவோரம் தயாராக வைத்திருந்த துணிப்பையை எடுத்துப் போய் அலமாரிக்குள் வைத்தாள். முட்டிவலி அதிகம் போல. நொண்டுகிறாள்.

மார்ச் 6, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

மெக்கானிக் தன் வேனைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்தார். வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. நான் பெருமையோடு, இரண்டரை வருடம் நின்ற வண்டி, எல்லாம் உறையின் தரம் என்றேன். அவர் எஞ்சினை எட்டிப் பார்த்தார். டயரை உதைத்தார். ஆயில் குச்சியை உருவி, துடைத்து, என் மூக்குக்கு நேரே காட்டினார்.

"சார், ரெண்டரை வருஷம் நின்னா பெட்ரோல் கெட்டிருக்கும், பிரேக் ஒட்டிக்கிட்டிருக்கும், டயர் ஒரு பக்கமா சப்பிப் போயிருக்கும். இது ஒண்ணுமே இல்ல. இடது விளக்கு புத்தம்புதுசு. யாரோ கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்திருக்காங்க. பாத்தவங்க நாலஞ்சு மாசமா வரல. அவ்வளவுதான்."

புது விளக்கு. இரண்டு நாளாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். புதுக் கண்ணோடு.

மேற்கொண்டு பார்த்தார். முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டிக்குள் ஒரு ஜோடி தடித்த கையுறை. வெயில் மறைப்புக்குப் பின்னால் நாலைந்து அட்டைகள், கிளிப் போட்டு. பொடி எழுத்தில் தேதி, தேதி, தேதி. "15 நிமிடம். காற்று சரி." "20 நிமிடம். ஆயில் மாற்றியது." ஏழு என்ற எண்ணின் நடுவில் ஒரு கோடு. மேற்படி நபர் நாலாம் வகுப்பில் இருந்தபோது அந்தக் கோட்டுக்காக அவனை நான் திட்டியிருக்கிறேன்.

பழக்கதோஷம், நாட்காட்டியை வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் வியாழன். ஒரே ஒரு வியாழன் விடுபட்டிருக்கிறது. போன வருடம் காய்ச்சலில் நான் வீட்டில் கிடந்த வியாழன்.

கடைசித் தேதி அக்டோபர் 17. அதற்குக் கீழே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறான். காலி.

ஏன் காலி?

அதே நாள், மாலை

எதிர்வீட்டுத் தபால்காரர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருச் செய்திகளைப் பட்டுவாடா செய்பவர். அவரிடம் கேட்டேன். "ஆமா, வியாழக்கிழமைன்னா வண்டி சத்தம் கேக்குமே. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றார். பக்கச் சுவரைத் தாண்டித்தான் வருவானாம். வாசலில் கால் வைத்ததே இல்லையாம். ஏன்டா இப்படி என்று இவர் ஒருநாள் கேட்டதற்கு, "வாசலை மிதிக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு மாமா. சுவரைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றானாம்.

சுவரில் இருந்த தடங்களைப் பூனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூனைக்கு எதிராக நகராட்சிக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். பிழையில்லாத கடிதம்.

ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும்தான்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் அட்டைகளை மனைவி எதிரில் மேசையில் வைத்து, அக்டோபருக்கு அப்புறம் ஏன் வரல என்றேன். சேலைத் தலைப்பால் அட்டையைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை.

"விழுந்துட்டான். வேலைக்குப் போன இடத்துல மேடைக்கு விளக்கு மாட்டுறப்ப ஏணி சரிஞ்சு. தொடை எலும்பு. அக்டோபர்ல ஒரு ஆபரேஷன், கூடலன்னு ஜனவரில இன்னொண்ணு."

ஏன் சொல்லல? ஏன்டி சொல்லல?

"அப்பா கண் ஆபரேஷனுக்கே பயந்துக்கிட்டிருக்காரு, இதையும் சொல்லாதேன்னுட்டான்."

ஐந்து மாதம். நான் இங்கே உட்கார்ந்து பேப்பரில் ஒற்றுப்பிழை பொறுக்கிக்கொண்டு. இவள் வியாழன்தோறும், நான் அந்தப் பக்கம் நூலகம் போனதும், துணிப்பையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ரெண்டு பஸ் மாறிப் போய், நான் வருவதற்குள் திரும்பியிருக்கிறாள். அந்த முட்டியோடு. படியைக் கவனித்து ஏறு என்று நான் புத்தி வேறு சொன்னேன்.

அந்தக் கையுறை எதற்கு என்றேன். சாவியைத் தையல் பெட்டியிலிருந்து கொடுத்தவள் இவள்தான். அப்பா தொடாதேன்னாரேடா என்று முதல் நாள் பயந்தாளாம். வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டு, "நான் எங்கம்மா தொடறேன், கையுறைதானே தொடுது" என்றானாம்.

இந்த மாதிரிப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 8, சனி

பழைய பேட்டரி சார்ஜ் ஏற்றினாலும் தாங்கவில்லை. புதிது மாட்டியாயிற்று. அரைமணி நேரம் ஓட்டினேன். கண் நன்றாகத் தெரிகிறது. கேவலமாக, எல்லாமே தெரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

போனேன். மனைவியும் வந்தாள், இந்த முறை பஸ்ஸில் இல்லை. தரைத்தளம், நண்பனோடு பகிர்ந்துகொள்ளும் ஒற்றை அறை. கட்டில் நீளம் போதாமல் காலுக்கு ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மடங்காத கட்டு. பாதி உடம்பு கரைந்திருக்கிறான்.

வழியெல்லாம் தயாரித்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நாற்பது வருடத் தொழில். கதவருகே நின்றேன். அவன்தான் ஆரம்பித்தான்.

"பேட்டரி போயிருக்குமே."

"போச்சு. புதுசு போட்டேன்."

"ஸ்டார்ட் ஆச்சா?"

"முதல் திருப்புல."

தலையாட்டினான். உள்ளுக்குள் சந்தோஷம் என்பது தெரிந்தது. பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "வாசல் தூண் எப்படி இருக்கு?" என்றான்.

"அங்கேயேதான் நிக்குது" என்றேன். அவன் அம்மா பாத்திரத்தைக் கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனாள். அதில் இன்னும் சாப்பாடு இருந்தது.

வியாழன் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டுமாம். நண்பனுக்கு விடுப்பு கிடைக்கவில்லையாம். வாடகை வண்டிகளில் கால் நீட்ட இடம் போதாதாம். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னான்.

மார்ச் 13, வியாழன்

வாசகர் வட்டத்துக்குப் போகவில்லை. 10.30க்கு மருத்துவர். பக்கத்து இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, சாய்த்தும் விட்டால் அவன் கால் நீட்ட இடம் இருக்கிறது. எலும்பு கூடி வருகிறது. கட்டு இன்னும் ஆறு வாரம். ஆள் துணை வேண்டும், சுவர் கிவர் ஏறக் கூடாது என்றார் மருத்துவர். சுவர் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று விளங்கவில்லை. அறையில் போய் அவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டோம். என் மகனுக்குக் கீழ் அறை. என் புத்தகங்கள் மாடிக்குப் போகின்றன.

திரும்பும் வழியெல்லாம் குண்டு குழி வரும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தோம், 1.20க்கு.

தூண் மறுபடியும் முன்னேறி வந்தது. இடது விளக்கு மாற்ற வேண்டும்.