ஜீப்புக்குள் காணாமல் போகும் ஆயில்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். வண்டி இன்று என் முறை. கிளப்புவதற்கு முன் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்கும் கீழே. போன வாரம்தான் ஊற்றினேன். ஜீப் பழசு, ஒத்துக்கொள்கிறேன். பழசு என்றால் ஆயில் ஆவியாகப் போய்விடுமா?

தரையில் சொட்டு இல்லை. புகையில் நீலம் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை. எவன் குடிக்கிறான்?

ஊற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு ஒரு நடை. ஏற்றத்தில் அரிசி மூட்டை, சிமெண்ட், ஆட்கள். ஆளுக்கு ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். இது என்ன கல்யாண ஊர்வலமா என்று கேட்டேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நிம்மதி.

இரவு செல்வி, ஆயில் விஷயத்தைப் பாலுவிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். பாலு அவள் தம்பி, என் மச்சினன். ஒரு நாள் நான் ஓட்டினால் மறுநாள் அவன். அவனைக் கேட்பதற்கு ஜீப்பையே கேட்கலாம், அதற்காவது கொஞ்சம் மூளை உண்டு.

நவம்பர் 5, செவ்வாய்

பாலு முறை. வீட்டில் இருந்தேன். கொசு. முதுகு வலி.

சாயங்காலம் வந்து சாவியை ஆணியில் மாட்டினான். டீசல் எவ்வளவு போச்சு என்று வழக்கம்போல் கேட்டேன். முன்னைக்கு இப்போது கம்மியாகத்தான் போகிறது. பாராட்டவில்லை. பாராட்டினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

நவம்பர் 6, புதன்

காலையில் கம்பி மறுபடி கீழே. மலைக்குப் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன்.

முதல் பட்டறை: பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு. "ரிங்கு போயிடுச்சிண்ணே, இன்ஜின எறக்கணும்." பிஸ்டன் ரிங் போனால் புகை வராதா என்றேன். சில வண்டிக்கு வராதாம். இவன் படித்த பள்ளிக்கூடத்தைப் பூட்டி சீல் வைக்க வேண்டும்.

இரண்டாவது: ஹெட்டைக் கழற்ற வேண்டுமாம். ஏன் என்றால், கழற்றினால்தான் ஏன் என்று தெரியுமாம். தலைவலிக்கு மண்டையைப் பிளந்து பார்க்கிற வைத்தியர்.

மூன்றாவது: வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், வித்துடுங்க என்றார். இதற்கு ஒரு பட்டறை, ஒரு போர்டு, வாசலில் எலுமிச்சம்பழம் வேறு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ. வெந்நீரில் சக்கரை.

வீட்டுக்கு வந்து மேல் கோடு வரை ஊற்றினேன். வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தேன். சொட்டினால் காட்டிக்கொடுக்கட்டும்.

நவம்பர் 7, வியாழன்

அட்டையில் ஒரு பொட்டு இல்லை. கம்பியில் நேற்று விட்ட இடத்திலேயே ஆயில்.

அப்போதுதான் உறைத்தது. என் முறைக்கு மறுநாள் குறைவதில்லை. குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு. பாலு ஓட்டிய மறுநாள்தான் கீழே இறங்குகிறது. திங்கள் பார்த்தது அவன் சனிக்கிழமை ஓட்டியதற்குப் பிறகு; ஞாயிறு வண்டி ஓடாது. நேற்று பார்த்தது அவன் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு.

மலையில் உழுகிற பவர் டில்லர் வைத்திருக்கிற எவனுக்கோ பாலு வடித்துக் கொடுக்கிறான். திருட்டுப் பயல். தின்ற வீட்டிலேயே.

அவன் வருவதற்கு முன் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றி ஒரு கறுப்பு நூல் கட்டினேன். அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு செல்வியின் நகப்பாலிஷ். தொட்டால் கீறல் விழும்.

நவம்பர் 8, வெள்ளி

நூல் அப்படியே. நகப்பாலிஷ் அப்படியே, பளபளவென்று. ஆயில் மட்டும் குறைந்திருக்கிறது. மறுபடி ஊற்றினேன்.

மூடியைத் திறக்காமல், போல்ட்டைக் கழற்றாமல் ஆயில் எடுக்கிற அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் இருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பான்.

செல்வி நகப்பாலிஷைத் தேடினாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். சண்டை. என் தம்பிய திருடன்றீங்களா என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் என் அண்ணன் பந்தியில் கோபித்துக்கொண்டது வரை போனாள். நாளைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன், அப்புறம் அவனுக்கு இந்த வண்டியில் வேலை இல்லை என்றேன். சாவியை எடுத்து அவள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். என்ன பிரயோஜனமோ.

மத்தியானம் தயிர் சாதம். நானே போட்டுக்கொண்டது.

நவம்பர் 9, சனி

கையில் ஆயில் கறை இன்னும் போகவில்லை. தாளெல்லாம் அழுக்கு.

நல்ல வெயில். பாலு முறை. செல்வி சாவியை அவன் கையில் கொடுத்தாள்; மேலே ஓர் ஆளைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். கோமுகி அணை தாண்டி ஏற்றம். குறை சொல்ல ஒன்றும் இல்லை; கியர் மாற்றுகிற லட்சணம் மட்டும் மாவாட்டுகிற மாதிரி. வெள்ளிமலையில் இறங்கி முதல் வேலையாகக் கம்பியைப் பார்த்தேன். குறையவில்லை. அவனை விட்டு நகரவே இல்லை. சிறுநீர் கழிக்கப் போனபோதுகூட.

இறங்கும்போது பின்னால் மரவள்ளி மூட்டை, சாமை மூட்டை, அதன்மேல் ஆட்கள். ஒருத்தி கையில் குழந்தை.

முதல் இறக்கத்திலேயே இன்ஜினை அணைத்தான். மேடு வந்தால் போடுகிறான். இறக்கம் வந்தால் அணைத்துவிட்டு உருட்டுகிறான். போடுகிறான், அணைக்கிறான். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு, மார்க் வாங்கிய பையன் மாதிரி.

"இப்டித்தாங்க மாமா நான் டீசல் மிச்சம் புடிக்கிறது."

மலையில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் செய்கிற அதிபுத்திசாலித்தனம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். அடுத்தவன் வண்டியில் பார்த்து எத்தனை பேரைக் காறித் துப்பியிருக்கிறேன். என் வண்டியிலேயே நடக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவு. மிதித்தான். பெடல் கல் மாதிரி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்து எழுந்து நின்று மிதித்தான். வேகம் குறையவில்லை. இடது பக்கம் பள்ளம், மர உச்சிகள் கண்ணுக்கு நேராக. அவன் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான், ஹாண்ட் பிரேக்கை இழுத்தான், வலது பக்கம் ஒடித்து மலையோரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கினான். பாறையில் தேய்த்துக்கொண்டே போய் நின்றது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. பம்பர் கோணல். ஒரு சாமை மூட்டை கிழிந்தது. குழந்தை அழுதது, தாய்க்காரியும் அழுதாள்.

அவன் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க இப்போது வரை யோசித்துப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

ஆட்கள் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்ததும் பானெட்டைத் திறந்து பூஸ்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கினேன். விரலை விட்டேன். கறுப்பு. பூஸ்டரைக் கழற்றிக் கவிழ்த்தோம். கொடகொடவென்று ஆயில். நான் தேடிய ஆயில் முழுக்க அங்கேதான். பிரேக்குக்குள்.

டைனமோவின் முதுகில் ஒரு பம்பு. பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுவது அதன் வேலை. அது வழவழப்பாக ஓட இன்ஜின் ஆயில்தான் போகிறது. குழாயில் ஒரு சின்ன வால்வு, எதுவும் திரும்பி வராமல் தடுக்க. அது செத்துப்போயிருக்கிறது. இன்ஜின் ஓடும்வரை வினை இல்லை. அணைத்த உடனே பூஸ்டர் பம்பிலிருந்து ஆயிலை ஒரு மடக்கு இழுத்துக்கொள்ளும். நான் மேலே ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை அணைக்கிறேன். இவன் இறக்கத்துக்கு இறக்கம் அணைக்கிறான். அத்தனை மடக்கு.

இப்படி ஓட்ட எவன்டா சொன்னான் என்று கேட்டேன்.

"நீங்கதான் டெய்லி டீசல் ஜாஸ்தி ஜாஸ்தின்னு சொல்லிக்கினு இருந்தீங்க."

பெடல் இன்றைக்குத்தான் இப்படியா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். ரொம்ப நாளாகவே கட்டையாகத்தான் இருக்கிறதாம். இன்ஜின் ஓடும்போது சமாளிக்கலாமாம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா இன்னா சொல்வீங்க மாமா? கால்ல சத்து இல்லியா, சோறு துன்றியா வேற எதனா துன்றியான்னுவீங்க."

ஆமாம். அதே வார்த்தைதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கயிறு கட்டி இழுத்து வந்து கச்சிராயபாளையத்தில் போட்டோம். பிரேக் கடைக்காரர் ஆயிலைப் பார்த்து, இது இன்ஜின் வேலைங்க என்கிறார். இன்ஜின்காரன், இது டைனமோ கடை வேலைங்க என்கிறான். டைனமோ கடைக்காரர், பம்பு மட்டும்தான் எங்களுது, குழாய் பிரேக் கடை வேலைங்க என்கிறார். ஆளுக்கு ஓர் உறுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், உயிர் யாருக்கும் சொந்தமில்லை. நடுவில் நின்று கத்தினேன். கத்தியதால்தான் நடந்தது. (சும்மா கேட்டிருந்தாலும் நடந்திருக்குமோ? தெரியவில்லை. கேட்டதில்லை.)

பூஸ்டர் ரப்பர் ஊறி உப்பிப் போயிருந்தது. புதுசு. பம்பு சீல் புதுசு. வால்வு புதுசு. கட்டைவிரல் நகம் அளவு. இதற்குத்தான் இன்ஜினை இறக்கப் பார்த்தான்கள். சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

செல்விக்குப் பாலு எல்லாம் சொல்லியிருக்கிறான். சாப்பாடு போட்டாள். குழம்பு இன்னும் கொஞ்சம் என்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அவன் செத்திருந்தாகூட ஓட்டத் தெரியாம செத்தான்னுதான் சொல்லிக்கினு திரிஞ்சிருப்பீங்க."

கை கழுவிவிட்டு வண்டியடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

மேகமூட்டம். என் முறைதான். பாலுவைக் கூப்பிட்டு நீ எடுத்துப் போ என்றேன். இறக்கத்தில் அணைக்காதே, டீசல் போனால் போகட்டும், வண்டியில் என்ன கோளாறு தெரிந்தாலும் சாயங்காலம் வந்து சொல்லு, நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம் கேட்டான், ராஸ்கல். செய்தேன்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டான். பெடல் வெண்ணெய் மாதிரியாம். கம்பியைப் பார்த்தேன். மேல் கோடு. இம்மி குறையவில்லை.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தான். ஹாரன் கம்மலாம். இடது கண்ணாடி ஆடுகிறதாம். கிளச் கொஞ்சம் நழுவுகிறதாம். பின்சீட்டு கம்பி புடவையைக் கிழிக்கிறதாம். இதையெல்லாம் இத்தனை மாசம் எங்கே வைத்திருந்தான்! ஒவ்வொன்றுக்கும் ஒரு வசை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவ்வளவுதானா என்றேன்.

பிடரியைச் சொறிந்தான். அக்காவைப் பார்த்தான்.

"இன்னொன்னு இருக்குதுங்க. உங்க மொறையன்னிக்கு மலை ஆளுங்க பாதிப் பேரு வண்டில ஏற மாட்டேன்றாங்க மாமா. நின்னுக்கினு இருந்துட்டு, மறுநாளு என் வண்டிக்கு வராங்க. வழியெல்லாம் திட்டுவீங்களாம்."

செல்வி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே சிரிக்கிறாள்.

சத்தியம் செய்திருக்கிறேன்.

நாளை என் முறை.