வாளித் தண்ணீர் வீசிய கை

ஏடா, ஓக்லஹோமா
ஞாயிறு காலை

அன்பு மகள் ரேலினுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன வாரக் காற்றில் கோழிக்கூண்டின் கூரை பறந்துவிட்டது. கோழிகள் பத்திரம்.

இனி எழுதப்போவது உனக்குக் கோபம் வரும் செய்தி. உன் தோள்வலியை உன் சாஃப்ட்பால் கோச் மார்லாவிடம் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமை மேட்ச் முடியட்டும்ப்பா, அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று நீ கெஞ்சினாய். நானும் சரி என்றேன். "பந்து போடறப்போ மூஞ்சியச் சுளிக்கிறா சார், வலி ஏதாச்சும் இருக்கா?" என்று அவர் போனில் கேட்டபோது, இல்லை என்று புளுகியும்விட்டேன். அன்று இரவே மனம் மாறி, நானே திரும்ப அழைத்து உண்மையைச் சொன்னேன்.

அவர் உன்னைத் திட்டவில்லை. "கை வீசற விதத்த நான் மாத்தச் சொன்னா, எங்கப்பா சொல்லித் தந்ததுதான் சரின்னு சண்டைக்கு வர்றா" என்றார். அதுதான் என்னைக் குத்துகிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உன் பந்தைப் பிடித்தபடி, "கையைச் சுத்திக் கீழருந்து வீசினதும் முழங்கை மூக்குக்கு நேரா வரணும்!" என்று கத்தியவன் நான். அப்படி இழுத்துத் தூக்குவதால் வேகம் கூடாதாம், தோள்தான் தேயுமாம்.

நம்பாமல், அதே வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துத் தக்காளிப் பாத்திக்கு வீசிப் பார்த்தேன். முதல் வீச்சில் கை தன்போக்கில் தளர்வாக இடுப்பை உரசிக்கொண்டு போனது. தண்ணீர் வேலியைத் தொட்டது. பிறகு உனக்குச் சொல்லித் தந்தபடி முழங்கையைத் தூக்கி வீசினேன். பாதித் தண்ணீர் என் முகத்தில்.

ஜன்னலில் நின்ற அம்மா சிரித்தாள். "ஏங்க, இத்தனை வருஷமா அந்த வாளி மேல உக்காந்தீங்களே, ஒரு தடவையாவது நிமித்திப் பாத்திருக்கக் கூடாதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை உன்னை விளையாட விடமாட்டார்கள். ஆனாலும் நாங்கள் வருவோம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, மைதான வேலியோரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறோம். தோளுக்கு ஐஸ் வைத்தாயா என்று அம்மாவிடமாவது சொல்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கண்ணு. இனி கோச் உன் கையைப் பிடித்துத் திருத்தும்போது, எனக்காக வாதாடாதே.

உன் தோள் குணமாகட்டும்.

உன் அப்பா,
வெண்டல்